தாளின் பின்பக்கம்

கொக்குவில்

அன்புள்ள மக்டலீனுக்கு,

இன்று 1993 ஓகஸ்ட் 21, சனிக்கிழமை. நேரம் காலை ஒன்பது மணி இருபது நிமிடம். மேசையில் உம்முடைய படங்கள் முப்பத்தெட்டு இருக்கின்றன. மூன்று தரம் எண்ணிவிட்டேன். முப்பத்தெட்டில் பதினொன்றை நான் பழுதாக்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சுகம். நீரும், உம்மைத் தன் வீட்டில் வைத்திருக்கிற யோசப்பின் அக்காவும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதாவிட்டால் எனக்கு எழுத வராது. உமக்குத் தெரிந்ததும் இடையில் வரும், பொறுத்துக்கொள்ளும்.

உம்முடைய கடிதம் இந்த மாதம் ஆறாம் திகதி கிடைத்தது. ஐந்து வரி. படங்கள் எல்லாவற்றையும், மூன்று தூரிகைகளையும், நிறப்பெட்டியையும் யாகோப்பு அண்ணையிடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தீர். செப்டெம்பர் இரண்டாம் திகதி அவர் கிளாலிப் படகால் கொழும்புக்குப் புறப்படுகிறார் என்றும் எழுதியிருந்தீர். கொழும்பில் நடக்கப்போகிற கண்காட்சிக்குப் பத்துப் படம் போதும் என்பதும் அதே ஐந்து வரிக்குள் இருந்தது. பத்துப் படம் தேவையான ஆள் முப்பத்தெட்டையும் கேட்டால் மீதி இருபத்தெட்டு எதற்கு என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியும். திரும்பி வருகிற ஆள் தூரிகையை வீட்டில் விட்டுவைக்கும். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

அதே தபாலில் கண்காட்சிக்காரர் உமக்கு எழுதிய கடிதமும் இந்த முகவரிக்கு வந்தது. உறையில் உம்முடைய பெயர். திறந்தேன். திறந்தது சரியில்லை, ஆனால் திறந்துவிட்டேன். ஓவியரைப் பற்றி ஒரு பக்கம் கேட்கிறார்கள். நிலக்காட்சி கீற உம்மைத் தூண்டியது எது, யாருடைய ஓவியங்கள் உம்மைப் பாதித்தன என்று செப்டெம்பர் பதினைந்துக்குள் எழுதி அனுப்ப வேண்டுமாம். இது இலேசான வேலை என்று நினைத்தேன். கால் மணித்தியாலத்தில் எழுதியும் விட்டேன். ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர்களின் பாதிப்பு என்று தொடங்கி, அவர்களைப் பற்றிய புத்தகத்தைக் கணவர் கலியாணப் பரிசாகக் கொடுத்தார் என்று முடித்தேன். நீர் சிரிப்பீர். சிரியும்.

எத்தனை வருடமாகக் கீறுகிறீர் என்று எழுத வேண்டியிருந்தது. படங்களின் பின்பக்கத்தில் நீர் இடமும் மாதமும் சின்னதாகப் பென்சிலால் எழுதியிருப்பீர் அல்லவா? அதைப் பார்க்கத்தான் எட்டாம் திகதி மேசை லாச்சியை இழுத்துத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

இங்கேதான் என் குற்றம் வருகிறது. நீர் மார்ச் மாதம் போனபிறகு பொருள் தடையால் அலுவலகத்தில் தாள் அடியோடு முடிந்துவிட்டது. பழைய படிவங்களின் முதுகும் முடிந்துவிட்டது. அறுபத்திரண்டு கிணறுகளின் உப்பு அளவை எழுத எனக்குத் தாள் வேண்டும். உம்முடைய லாச்சியில் நல்ல தடித்த தாள், ஒரு பக்கம் சும்மா கிடந்தது. கல்லுண்டாய் என்று நீர் எழுதிய தாளில் கல்லுண்டாய்க் கிணறுகளை எழுதினேன். நவாலி என்று எழுதிய தாளில் நவாலிக் கிணறுகளை எழுதினேன். தலைப்பு ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாம் தரம் எழுதத் தேவையில்லை என்று அப்போது சந்தோசம்கூடப் பட்டேன். பேனா மை. கறுப்பு. அழியாது.

பதினொரு தாள்களையும் தரையில் பரப்பி, கிணற்றுக் கணக்குகளைப் பிரதி எடுத்துவிட்டுத் தாளை அனுப்பலாம் என்று உப்புக் கூடியதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அடுக்கினேன். யன்னலால் வந்த காற்று இரண்டு மூன்றைப் பிரட்டிப்போட்டது. மற்றவற்றையும் பிரட்டிப் பார்த்தேன். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன்.

உம்முடைய சிவப்பும் அதே வரிசையில் இருந்தது. என் கணக்கில் உப்புக் கூடிய இடத்துப் படத்தில் நிலம் அரைவாசிக்குச் சிவப்பு. குறையக் குறையச் சிவப்பு ஒடுங்கி ஒரு கோடாகி, கடைசி இரண்டு தாளில் இல்லாமலே போகிறது. பதினொன்றும் ஒன்றுகூடப் பிசகவில்லை. மின்கலம் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி, உப்புமானியை வேலைசெய்யப் பண்ணி, ஏழு மாதம் அலைந்து நான் எடுத்த வரிசை அது. நீர் அதை ஒன்பது நிறக்கட்டியோடு எடுத்திருக்கிறீர். அதுவும் எனக்கு முந்தி.

மற்ற இருபத்தேழில் ஒரு தாள் மட்டும் என் கணக்கோடு உதைத்தது. நவாலி ஓரம், வேலிக் கரை, உம்முடைய கையெழுத்தில் போன வருடம் செப்டெம்பர். படத்தில் வேலி நெடுகச் சிவப்பு ஒரு நூல். அந்தக் கிணற்றை நான் பெப்ரவரியில் அளந்து நல்ல தண்ணீர் என்று எழுதியிருந்தேன். நீர் பிழைவிட்டீர் என்று நினைத்தேன். பழக்கதோசம். பத்தாம் திகதி அலுவலகம் முடிந்து அங்கே போய்த் திரும்ப அளந்தேன். இரண்டு மடங்கு. எட்டுக் குடும்பம் அதில் குடிக்கிறது. வீட்டுக்காரி குணலட்சுமி, கொஞ்ச நாளாகத் தேத்தண்ணி ஒரு மாதிரித்தான் இருக்கிறது, சீனி இல்லாததால் அப்படி என்று நினைத்தோம் என்றார். மற்றப் பக்கத்துக் கிணற்றில் அள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

இனிப் போன டிசெம்பர் நத்தார். நான் அதைத் தாண்டிப் போக முடியாது. என்னோடு வேலைசெய்கிற தில்லைநாதன் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். நீர் கல்லுண்டாய் வெளிப் படத்தைக் கொண்டுவந்து காட்டினீர். பதினாலாவது படம். நான் சேட்டுப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தேன். அலுவலகத்தில் வரைபடம் சரிபார்க்கிற பென்சில். ஓரத்தில் ‘மண் பிழை’ என்று எழுதி வட்டம் போட்டேன். “உது மருதனார்மடத்துச் செம்மண். மக்டலீன் லொறியிலை ஏத்திக் கொண்டுபோய்க் கல்லுண்டாயிலை கொட்டிப்போட்டா” என்று சொன்னேன். தில்லைநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். நீர் கேக் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனீர். கேக் முடிந்ததால் போகிறீர் என்று நினைத்தேன். தட்டில் கேக் இருந்தது என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

பதினாலாம் திகதி விடிய ஐந்து மணிக்குக் கல்லுண்டாய் வெளிக்குப் போனேன். அளவுகோல், உப்புமானி ஒன்றும் கொண்டுபோகவில்லை. இத்தனை நாளும் நான் அந்த வெளியைப் பத்து மணிக்குப் பிறகுதான் கடந்திருக்கிறேன். அதுவும் கிணற்றைப் பார்த்துக்கொண்டு. அந்த நேரத்தில் அது மண்ணிறம். செடி என்று சொல்லவும் ஒன்றும் இல்லை, முழங்காலுக்குக் கீழே உமரிப் பற்றை. நீர் வழக்கமாக இருக்கிற மதகுக் கட்டின் மேல், நீர் இருக்கிற மாதிரியே கிழக்கைப் பார்த்து இருந்தேன். சூரியனை நேரே பார்த்துக்கொண்டு கீறக்கூடாது, வெளிச்சம் இடது தோளுக்கு மேலால் வர வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று உமக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஆறு மணி ஐந்துக்குச் சூரியன் பனைகளுக்கு மேலே வந்தது.

மக்டலீன், வெளி முழுக்கப் பற்றிக்கொண்டது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வெயில் காலத்தில் உமரியின் தண்டு உப்பைக் குடித்துச் சிவக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் வெறும் தூசி. பின்னால் இருந்து சூரியன் அதற்குள்ளால் வந்தால் ஒவ்வொரு தண்டும் இரத்தம் ஓடுகிற விரல் மாதிரி. கடல் கரையிலிருந்து வீதிவரை. தண்ணீர் நின்ற இடங்களில் கீழேயும் ஒன்று. பன்னிரண்டு நிமிடம் அது நின்றது. மணிக்கூட்டைப் பார்த்தேன், அது என் குணம். அதன்பிறகு பழையபடி மண்ணிறம். பன்னிரண்டு நிமிடமும் நான் எழும்பவில்லை. அந்தச் சிவப்பு உம்முடைய படத்தில் இருப்பதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மண் பிழை இல்லை. மண்ணே இல்லை அது.

அடுத்த நாள் பதினைந்து, மாதாவின் திருநாள். பூசை முடிந்து உம்முடைய ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று குருநகருக்குப் போனேன். நீர் போனபிறகு அங்கே போனது அதுதான் முதல் தரம். இன்னாசித்தம்பி மாமா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். தூரக் கடலுக்குப் போக விடாததால் கரையோரம் மட்டும்தான் தொழிலாம். கீறுகிறது எங்கேயிருந்து வந்தது, யார் சொல்லிக்கொடுத்தது என்று செபஸ்தியம்மா மாமியிடம் கேட்டேன். மாமி மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மீனைத் திருப்பிப்போட்டு முடித்தார். பிறகு, “கலியாணம் பேசேக்கை கேட்டிருக்க வேணும் தம்பி. மூண்டு வருசம் கழிச்சுக் கேக்கிறியள். உங்கடை புத்தகம்தான் படிப்பிச்சதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியளாம், பிறகென்ன?” என்றார். மாமா, “விடு, பாவம், வெயிலுக்கை சைக்கிள் உழக்கி வந்தவர்” என்றார். “உழக்கட்டும், உடம்புக்கு நல்லது” என்றார் மாமி.

அந்த நேரம் குண்டுபோடுகிற பொம்மரின் சத்தம் கேட்டது. மாமி என் சேட்டைப் பிடித்து இழுத்துப் பங்கருக்குள் தள்ளினார். பங்கர் வாசலுக்கு மேலே மணல் விழாமல் ஒரு பழைய சீலை இழுத்துக் கட்டியிருக்கிறதே, நான் எத்தனையோ தரம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். மேல்பக்கம் புழுதியும் மீன் செதிலும்தான். கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தது அன்றுதான்.

காடு இருந்தது. மலை இருந்தது. இரண்டுக்கும் நடுவால் ஒரு ஆறு வந்தது. உச்சி வெயில் சீலைக்குள்ளால் இறங்கிக்கொண்டிருந்தது. நிறம் தடித்த இடம் இருட்டு, மெல்லிய இடம் வெளிச்சம், வெடித்த இடம் நெருப்புக் கோடு. எங்கோ தூரத்தில் குண்டு விழுந்தது. நிலம் ஆடியது, சீலை ஆடியது, ஆறு ஓடியது. நான் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தேன். மாமி செபமாலை உருட்டுவதை நிறுத்திவிட்டு, “உதுக்குக் கீழைதான் அவள் கிடந்தவள்” என்றார்.

அது உம்முடைய ஊர்க் கூத்துக்காரர் மேடைக்குப் பின்னால் தொங்கவிட்ட சீன் திரையாம். படகுப் பாய்ச்சீலையில் கீறினதாம். மழையில் நனைந்து மேடைக்கு ஆகாமல் போனபிறகு கருவாட்டுப் பந்தலுக்கு மேலே கட்டினார்களாம். “சின்னனிலை காகம் கலைக்க விட்டனாங்கள். அவள் மேலை பாத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பாள். காகம் பாரையைத் தூக்கிக்கொண்டு போகும். எத்தினை அடி வாங்கியிருப்பாள்” என்றார் மாமி. கீறின பக்கம் வானத்தைப் பார்த்தபடி இருந்ததாம். நீர் அதன் முன்பக்கத்தைக் கண்டதே இல்லையாம். “அவளுக்கு உதுதான் படம் தம்பி. வெளிச்சம் அங்காலை, அவள் இஞ்சாலை.”

கீறியவர் யார் என்று மாமாவைக் கேட்டேன். கண்காட்சிப் பக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும் அல்லவா?  “ஆரோ ஒரு மனுசன், மன்னார்ப் பக்கம். பேர் போடேல்லை. ரெண்டு கிழமை எங்கடை வீட்டிலைதான் சாப்பாடு. நண்டெண்டால் விடமாட்டார், அது நல்ல ஞாபகம்” என்றார். போன வருடம் நீர் வந்து வலைச் சாயம் வாங்கிக்கொண்டு போனதையும் சொன்னார். மூன்று படத்தில் வருகிற அந்தத் தவிட்டு நிறம் எந்தக் கட்டி என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் திகதி காலை வெளிச்சம் வந்ததும் கிழக்கு யன்னலடியில் நின்றேன். நீர் ஒரு படத்தை முடித்தால் தாளை எடுத்து யன்னல் கண்ணாடியில் ஒட்டப் பிடித்து, பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர். தாளில் ஓட்டை பார்க்கிறீர் என்று நான் பகிடி விட்டிருக்கிறேன். முதலாவது தாளை அப்படிப் பிடித்தேன். இரண்டாவதைப் பிடித்தேன். இருபத்தேழையும் பிடித்து முடிக்க மணி எட்டாகிவிட்டது, வேலைக்குப் பிந்திப் போனேன். காக்கைதீவுப் படத்தில் முன்பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிற தண்ணீர் உள்ளிருந்து எரிகிறது. பனைகள் வானத்துக்குள் நிற்கின்றன. முன்பக்கம் என்று நான் மூன்று வருடம் பார்த்தது படத்தின் முதுகு. அவ்வளவுதான்.

பிறகு மற்றப் பதினொன்று. பதினாலாவது தாள்: சிவப்பு எரிகிறது, மேலே வானம் திறக்கிறது, வானத்தின் நடுவில் என் கறுப்பு எழுத்து, ‘கிணறு 7 – 4150’. அதற்குக் கீழே கூட்டல்கூடச் செய்திருக்கிறேன். சிவப்புப் பென்சில் உம்மை அவமானப்படுத்தியது. இது படத்தைக் கொன்றுவிட்டது. எது படம் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். அது நியாயம் ஆகாது. நீர் மூன்று வருடம் அந்த யன்னலில் என் கண் முன்னால்தான் நின்றீர்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. சரிபார்த்தவன் பிழையாகக் குறித்துவிட்டால் அழிக்கக்கூடாது. ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் திகதியும் போட வேண்டும். வருகிறவன் எவனும் யார் பிழைவிட்டான் என்று பார்க்க வேண்டும், அதற்காக. ‘மண் பிழை’ என்றதன் மேல் கோடு கீறி, ‘படம் சரி. சரிபார்த்தவன் பிழை’ என்று எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறேன். தில்லைநாதனைக் கூப்பிட்டு அவர் முன்னால்தான் எழுதினேன். அவர் சிரிக்கவில்லை. மை எழுத்துக்கு அப்படி ஒரு முறையும் இல்லை. வானத்தில் கோடு கீற முடியாது.

விசாரிக்க மறக்கவில்லை. உமக்கு இழுப்பு எப்படி? கொழும்புப் புகை ஒத்துக்கொள்கிறதா? யோசப்பின் அக்காவின் வீட்டில் கிழக்கு யன்னல் இருக்கிறதா? இருந்தால் அந்த அறையைக் கேட்டு வாங்கும். அவர் தராவிட்டால் எனக்கு எழுதும், நான் அவருக்கு எழுதுகிறேன்.

இனி நான் செய்யப்போகிறவை:

1. இருபத்தேழு படங்களையும் மெழுகுத்தாளில் சுற்றித் தகரக் குழாயில் அடைத்து யாகோப்பு அண்ணையிடம் கொடுப்பேன். கிளாலியில் தண்ணீர் பட்டாலும் உள்ளே போகாது, வாளிக்குள் அமிழ்த்திப் பார்த்துவிட்டேன்.

2. பழுதான பதினொன்றையும் தனியாக அனுப்புவேன். கிணற்றுக் கணக்குகளைச் சீமெந்துப் பைக் கடதாசியில் பிரதி எடுத்து முடித்துவிட்டேன். அவை உம்முடையவை. கிழிப்பதென்றால் நீர் கிழியும்.

3. கண்காட்சிக்கான பக்கத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன். பாதித்த ஓவியர் என்ற இடத்தில், ‘பெயர் தெரியாது, மன்னார்ப் பக்கம், குருநகரில் இரண்டு கிழமை தங்கிக் கூத்துச் சீன் கீறியவர்’ என்று போட்டிருக்கிறேன். நண்டை எழுதவில்லை. தூண்டியது என்ற இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன், அதை நீர்தான் நிரப்ப வேண்டும். படங்களை யன்னலில் தொங்கவிடச் சொல்லித் தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்.

4. நவாலி ஓரத்தில் உம்முடைய படத்தின்படி மேலும் நாலு கிணறு அளப்பேன். அறிக்கையில் உப்பை முதலில் கண்டவர் என்று உம்முடைய பெயரை எழுதுவேன். மேலதிகாரி வெட்டினால் திரும்ப எழுதுவேன்.

5. தூரிகைகளையும் நிறப்பெட்டியையும் நீர் கேட்டபடி அனுப்புவேன். தூரிகை கழுவுகிற தகரப்பேணியை நீர் கேட்கவில்லை. அது யன்னலிலேயே இருக்கும். தண்ணீர் மாற்றி வைக்கிறேன்.

6. ஐப்பசி மழை வந்தால் உமரியின் சிவப்புப் போய்விடும். அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிய மதகுக் கட்டில் இருப்பேன், பக்கத்தில் உமக்கு இடம் விட்டு. பழைய மிஷன் அச்சகத்தில் ஒருவரிடம் மன்றாடித் தடித்த தாள் ஒன்றே ஒன்று வாங்கியிருக்கிறேன். லாச்சியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றும் எழுதவில்லை.

உம்முடைய மாதா உம்மைக் காக்கட்டும்.

கிளரன்ஸ்